இடது முன்சக்கரம்

பிப்ரவரி 3

உரக்கடைக்காரர் இந்த வருடமும் டைரி கொடுத்தார். ஒரு மாதம் சும்மா கிடந்தது. எழுத வண்டி இல்லை. இந்த டைரி வண்டிக்கு மட்டும்தான். வீட்டு விஷயம், ஊர் விஷயம் எதுவும் இதில் ஏறாது. பதினெட்டு வருடமாக அதுதான் பழக்கம்.

இன்று ஜீப் பட்டறையிலிருந்து திரும்பியது. முன்பக்கத்தைத் தட்டி எடுத்துப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். முப்பத்தொரு வயது வண்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வாசலில் நிற்கிறது.

போன அக்டோபரில் இடித்தது. எங்கள் ஊரிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஓட்டுகிற நாங்கள் பெண்டு என்போம், எண்ணிக்கை கீழிருந்து மேலே. ஒன்பதாவது பெண்டில் என் மனைவியின் தம்பி இன்னாசி வண்டியைச் சுவரில் கொண்டுபோய் மோதினான். பிரேக் இடப்பக்கம் இழுத்தது என்றான். குடித்திருந்தான். நானே முகர்ந்தேன். அங்கேயே சாவியை வாங்கிக்கொண்டேன். ஜீப் ஸ்டாண்டிலும் எல்லோரிடமும் சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் அவனுக்கு வண்டி கொடுக்கவில்லை. கீழே மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான்.

முடிந்த கதை. இனி நானே ஓட்டிக்கொள்வேன்.

பிப்ரவரி 5

முதல் நடை. பட்டர் பழம் பன்னிரண்டு பெட்டி, ஆள் ஆறு. எஞ்சின் நன்றாக இருக்கிறது. பத்தாவது பெண்டு தாண்டியதும் ஸ்டீயரிங் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. டயரில் காற்று குறைவாக இருக்கும்.

பிப்ரவரி 6

காற்று பார்த்தேன். நான்கும் சரி.

பிப்ரவரி 9

இடது முன் டயரைக் கழற்றி வலப்பக்கமும், வலது டயரை இடப்பக்கமும் மாட்டினேன். கோளாறு டயரில் என்றால் இப்போது வலப்பக்கம் இழுக்க வேண்டும். இறங்கிப் பார்த்தேன். இடப்பக்கம்தான் இழுத்தது. ஆக, டயர் நிரபராதி.

பிப்ரவரி 10

முன்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். பேரிங்கில் ஆட்டம் இல்லை. என் மனைவி ஞானப்பூ பின்சக்கரம் உருளாதபடி அண்டக் கல் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன கோளாறு?" என்று கேட்டாள்.

"எறக்கத்துல இடப்பக்கம் இழுக்குது."

கல்லைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதை அப்படியே கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுப்பில் பால் வைத்திருப்பாள். கல்லை நானே எடுத்து வைத்தேன்.

பிப்ரவரி 14

வண்டி விஷயம் இல்லை, ஆனாலும் வண்டியைத் தொட்ட விஷயம் என்பதால் எழுதுகிறேன். கான்வென்ட்டுக்கு வேன் வாங்கப் போகிறார்களாம். டிரைவர் வேலைக்கு இன்னாசி மனுப் போட்டிருக்கிறான். ஆறு வருடம் அவன் என்னிடம் ஓட்டியவன் என்பதால், அவனைப் பற்றி இரண்டு வரி எழுதித் தரும்படி கான்வென்ட் தலைவி மதர் ஆள் அனுப்பியிருந்தார். பிள்ளைகள் ஏறுகிற வண்டி, அதனால் கேட்கிறாராம். நியாயம்தான்.

பிப்ரவரி 16

எழுதிக் கொடுத்தேன். "இன்னாசிக்கு வேலை தெரியும். ஆனால் 18.10 அன்று குடித்துவிட்டு ஓட்டினான். நானே முகர்ந்து அறிந்தேன்." உள்ளது உள்ளபடி. கவரை ஒட்டப் பசை கேட்டேன். ஞானப்பூ சோற்றுப் பருக்கை கொண்டுவந்து வைத்தாள். மூன்று நாளாகத் தலைவலி என்கிறாள்.

பிப்ரவரி 20

வத்தலக்குண்டில் பீர் முகமது பாய் பட்டறை. பாய்க்கு என் வயதுதான், பிரேக் வேலையில் கெட்டிக்காரர். முன் பிரேக் டிரம் இரண்டையும் கழற்றினார். டிரம்மை உரசிப் பிடிக்கிற லைனிங் நன்றாக இருந்தது. ஸ்பிரிங் மட்டும் தளர்ந்திருக்கிறது என்று மாற்றினார். எல்லாம் மாட்டி, பைபாஸ் ரோட்டில் ஓட்டி, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு பிரேக் அடித்தார். கோடு கிழித்த மாதிரி நேராக நின்றது.

"வண்டில ஒண்ணுமில்ல சூசை. ஒனக்குத்தான் பயம் வந்திருச்சு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பது வருடமாக இந்த மலையில் ஓட்டுகிறவனிடம் சொல்கிற பேச்சா இது? இழுத்தது இழுத்ததுதான். நான் என்ன பொய்யா சொல்கிறேன்?

பிப்ரவரி 24

இன்று பெரிதாகவே இழுத்தது. முழு லோடு. ஒன்பதாவது பெண்டுக்கு முன்னால் பெடலை மிதித்து, காலை எடுத்த பிறகும் இடப்பக்கமே போனது. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து வளைத்தேன். சுவருக்கும் வண்டிக்கும் ஒரு சாண் இருந்திருக்கும். இன்னாசி இடித்த அதே இடம். புதிதாகப் பூசிய சிமெண்டு இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது.

இறங்கி இடது முன் டிரம்மில் தண்ணீர் விட்டேன். சுர்ரென்று ஆவி வந்தது. வலது டிரம்மில் கை வைக்க முடிந்தது. அரைமணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டு எடுத்தேன். ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

குறிப்பு: நான் குடிப்பதில்லை.

பிப்ரவரி 25

வண்டி எடுக்கவில்லை.

மார்ச் 2

இடது முன்சக்கரத்தின் வீல் சிலிண்டரைப் பிரித்துப் பார்த்தேன். பெடலை மிதித்தால் லைனிங்கைத் தள்ளுவது இதுதான். புதுசு மாதிரி இருக்கிறது. இருக்காதா, போன ஜூனில் நான் மாட்டியது. நடு ரோட்டில், ஆயில் வருகிற ரப்பர் ஹோஸைக் கிரிப் பிளையரால் கவ்விப் பூட்டிவிட்டு, ஒரு சொட்டு பிரேக் ஆயில் வீணாகாமல் மாற்றினேன். பீர் பாய்க்கே அந்தக் கை வருமா தெரியாது.

கோளாறு எங்கே என்று இன்னும் பிடிபடவில்லை. கீழே கொண்டுபோனால் நல்ல பிள்ளை, மலையில் மட்டும் பேய். சூடு ஏறினால்தான் வருகிறது, சூடு ஆறினால் தடயமே இல்லை. பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடுகிறது. பாய் மேலே வந்து என்னோடு உட்கார்ந்து இறங்கினால்தான் உண்டு.

மார்ச் 5

பாய்க்குப் போன் செய்தேன். வெள்ளி தொழுகை முடிந்து சனிக்கிழமை வருகிறேன் என்றார். தவக்காலம் ஆரம்பித்துவிட்டது, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வரவில்லையா என்று ஞானப்பூ கேட்டாள். வண்டி வேலை முடியட்டும் என்றேன்.

மார்ச் 8

நிறைய எழுத வேண்டும்.

பாய் காலை பஸ்ஸில் வந்தார். வேண்டுமென்றே முழு லோடு ஏற்றினேன். காளியம்மாளும் ஏறினாள். சௌசௌ மூட்டையோடு வாரம் தவறாமல் இறங்குகிறவள். அக்டோபரில் இன்னாசியின் பக்கத்து சீட்டில் இருந்து மணிக்கட்டு முறிந்ததும் அவளுக்குத்தான். எப்போதும் முன்சீட், இன்று பாய் இருந்ததால் எங்களுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள்.

பன்னிரண்டாவது பெண்டு வரை பாய் ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தார். பத்தாவதில் பேச்சை நிறுத்தினார். ஸ்டீயரிங் சாய்வதைப் பார்த்துவிட்டார். தீய்ந்த நாற்றம் வந்தது.

பின்னாலிருந்து காளியம்மாள் சொன்னாள்: "இந்தா, இந்த நாத்தந்தான் அன்னைக்கும் அடிச்சுச்சு."

"என்னைக்கு?" என்றேன்.

"செவுத்துல முட்டுன அன்னைக்கு. இன்னாசி, 'அக்கா கெட்டியாப் புடிச்சுக்கங்க, வண்டி இழுக்குது'ன்னு கத்துனாரு. அப்புறந்தான் முட்டுச்சு."

"சாராய நாத்தம் அடிக்கலயா?"

"அவரு மேலயா? பக்கத்துலதான ஒக்காந்திருந்தேன். எம் புருசன் குடிக்கிற ஆளு, எனக்குத் தெரியாதா அந்த நாத்தம்? நீங்கதான் அன்னைக்கு எதுவும் கேக்கலையே."

பாய் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். ஒன்பதாவது பெண்டு. சக்கரத்துக்குக் கல் அண்டி, ஜாக்கி வைத்து இடது முன்சக்கரத்தைத் தூக்கினோம். பெடலில் யார் காலும் இல்லை. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து திருப்பியும் சக்கரம் சுற்றவில்லை.

"மிதிக்க ஆளில்ல. அப்ப எவன் மிதிச்சுக்கிட்டிருக்கான்?" என்றார் பாய். ஸ்பானரை எடுத்து, சக்கரத்துக்குப் பின்னால் பிரேக் ஆயிலில் காற்று எடுக்கிற நிப்பிளை அரைத் திருகு திருகினார். ஆயில் சர்ரென்று அவர் சட்டையில் பீய்ச்சியது. சக்கரம் உடனே விட்டது, ஒரு விரலால் சுற்றினார்.

"ஆயில் உள்ள போகுது, திரும்பி வர மாட்டேங்குது. ரெண்டு முன்சக்கரமும் புடிச்சா மாஸ்டர் சிலிண்டர்னு சொல்லலாம். இது ஒண்ணு மட்டும் புடிக்குது. ஹோஸ்தான்."

வண்டியைச் சூடு ஆற விட்டு மெதுவாக இறக்கினோம். பட்டறையில் இடது ஹோஸைக் கழற்றி, பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிளந்தார். வெளியே பார்க்க நல்ல ரப்பர். உள்ளே ஒரு துண்டு கிழிந்து நாக்கு மாதிரித் தொங்கியது. மிதிக்கும்போது வழிவிடும், திரும்பும்போது மூடிக்கொள்ளும். கிழிந்த இடத்துக்கு நேர் வெளியே, ரப்பரில் பல் வரிசை மங்கலாகப் பதிந்திருந்தது. நடுவில் ஒரு பல் இல்லை.

"எவனோ பிளையரப் போட்டுக் கவ்வியிருக்கான். வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள செத்துப்போகும். யார் பண்ணுன வேல இது?"

"யாரோ" என்றேன்.

புது ஹோஸ் இரண்டு பக்கமும் மாட்டினார். காற்று எடுத்து முடிய மாலை நாலாகிவிட்டது. பிளந்த ஹோஸைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து டூல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். என் கிரிப் பிளையரில் நடுப் பல் உடைந்திருக்கிறது. உடைந்து நாலு வருடமாகிறது, எனக்குத் தெரியாததா.

மார்ச் 9

ஞாயிறு. பூசைக்குப் போய்வந்து போன வருட டைரியை எடுத்தேன். காளியம்மாளுக்கு ஞாபகம் பிசகியிருக்கும், நான் அன்றே எழுதி வைத்திருப்பேன், அவளிடம் காட்டலாம் என்றுதான் எடுத்தேன். அதில் உள்ளதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

ஜூன் 11: "13வது பெண்டில் இடது முன் வீல் சிலிண்டர் கசிவு. ஹோஸைப் பிளையரால் கவ்வி, நடு ரோட்டிலேயே மாற்றினேன். வேண்டாம் மச்சான், ஹோஸ் கெட்டுப்போகும் என்றான் இன்னாசி. பயந்தாங்கொள்ளி."

அக்டோபர் 18: "மூன்று நாளாகச் சளி. மூக்கு சுத்தமாக அடைப்பு, காப்பி மணம்கூடத் தெரியவில்லை. ஞானப்பூ நொச்சி போட்டு ஆவி பிடிக்க வைத்தாள். 11 மணிக்குப் போன். வண்டி 9வது பெண்டில் சுவரில் மோதியது. இன்னாசி குடித்திருந்தான்."

இரண்டு வரியும் என் கையெழுத்துதான். மேல் வரியில் மூக்கு அடைப்பு, கீழ் வரியில் குடித்திருந்தான்.

முகர்ந்தேன் என்று நான் பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. வண்டி நசுங்கிக் கிடந்ததைப் பார்த்ததும் வாயில் வந்தது. பல வருடத்துக்கு முன்னால் அவன் குடித்துக்கொண்டிருந்தவன், வேளாங்கண்ணிக்கு நடந்துபோய்க் குடியை விட்டவன். எல்லோரும் நம்புவார்கள் என்று தெரியும். ஸ்டாண்டில் நாலு பேரிடம் சொன்னதும் எனக்கே முகர்ந்த ஞாபகம் வந்துவிட்டது. இந்த ஐந்து மாதத்தில் ஒருநாள்கூட அதைச் சந்தேகப்படவில்லை. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 10

காலையில் காப்பி கொடுக்க வந்தவளிடம் கேட்டேன்.

"வண்டி மோதுன அன்னைக்கு எனக்குச் சளி புடிச்சிருந்துச்சா?"

"ஆவி புடிக்க வெச்சதே நாந்தான."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னேன். 'ஒந்தம்பிக்குப் பரிஞ்சு பேசாத'ன்னீங்க. அதோட விட்டுட்டேன்."

சொன்னாளா? அதுவும் எனக்கு ஞாபகமில்லை. டைரியில் இல்லை. வீட்டு விஷயம் எழுதுவதில்லை அல்லவா?

மார்ச் 11

கான்வென்ட். மதரிடம் இரண்டாவது கடிதம் கொடுத்தேன். "இன்னாசி குடித்திருக்கவில்லை. பிரேக் ஹோஸ் கெட்டிருந்தது. கெடுத்தது நான். அன்று எனக்கு மூக்கு அடைத்திருந்தது, முகர்ந்தேன் என்று எழுதியது பொய்."

மதர் முதல் கடிதத்தை மேஜை டிராயரிலிருந்து எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் நீங்க எழுதுனதுதான், சூசைமாணிக்கம். நான் எத நம்புறது? மச்சினனுக்கு வேலை வேணும்னு வீட்ல சொல்லி எழுதுனதா இருக்கலாம்ல?"

கேட்டது சரிதான். பையிலிருந்து ஹோஸையும் பிளையரையும் எடுத்து வைத்தேன். பல்லைப் பள்ளத்தில் பொருத்திக் காட்டினேன். பிறகு போன வருட டைரியைத் திறந்து கொடுத்தேன். பதினெட்டு வருடத்தில் என் டைரி அடுத்தவர் கைக்குப் போனது இதுதான் முதல் தடவை. அக்டோபர் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"இத அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல மதர்."

"அப்ப எங்கிட்ட எதுக்கு மொதல்ல வந்தீங்க?"

இவரிடம் சொல்வது சுலபம், அதனால்தான் வந்தேன். அதையே சொன்னேன். டிரைவர் யார் என்று இன்னும் முடிவு செய்யவில்லை, தீர விசாரித்துத்தான் எடுப்போம் என்றார்.

மார்ச் 12

மார்க்கெட். இன்னாசி லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். மெலிந்திருக்கிறான். தோளில் சாக்குத் துண்டு. என்னைப் பார்த்ததும் கையில் இருந்த மூட்டையைக் கொண்டுபோய் அடுக்கிவிட்டுத்தான் வந்தான்.

"வாங்க" என்றான். மச்சான் என்று சொல்லவில்லை.

பேச ஒத்திகை பார்த்துத்தான் போனேன், ஆனால் முதலில் பையைத் திறந்தேன். ஹோஸை நீட்டினேன். வாங்கி, பிளந்த இடத்தை விரித்து, தொங்கிய நாக்கைச் சுண்டுவிரலால் தூக்கிப் பார்த்தான். திருப்பினான். பல் பதிவைக் கட்டை விரலால் தடவினான். பிளையரைக் காட்ட வேண்டிய தேவை வரவில்லை.

"காளியம்மாக்கா கை கூடிருச்சா?" என்று கேட்டான்.

"கூடிருச்சு. மூட்ட தூக்குது."

"அது போதும்."

"இன்னாசி, நான் அன்னைக்கு முகரவே இல்ல. எனக்குச் சளி. வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். ஹோஸக் கெடுத்ததும் நாந்தான். நீ அன்னைக்கே சொன்ன."

லாரிக்காரன் கூப்பிட்டான். இன்னாசி ஹோஸை என் கையில் திருப்பிக் கொடுத்தான்.

"இத எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்க ஸ்டாண்டுல இருக்காங்க."

திரும்பி மூட்டைக்குப் போய்விட்டான். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 15

சனிக்கிழமை ஸ்டாண்டில் எல்லா வண்டியும் இருக்கும். பத்து மணிக்குப் போனேன். டீக்கடை பெஞ்சில் ஒன்பது டிரைவர்கள். அக்டோபரில் எந்த இடத்தில் நின்று சொன்னேனோ அதே இடத்தில் நின்று சொன்னேன். ஹோஸ் கை மாறிக் கை மாறிப் போனது. எல்லோரும் விரலை விட்டுப் பார்த்தார்கள். மலையில் ஓட்டுகிறவனுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

டிரைவர்களில் செல்லப்பாண்டிதான் ஆரம்பித்தான்.

"போன மாசம் ஏங்கிட்ட வந்து, ஆக்டிங் டிரைவரா ஓட்டவாண்ணேன்னு கேட்டான். குடிகாரனுக்கு வண்டி இல்லன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். ஒங்க மூக்க நம்பி."

"எம்மேலதான் தப்பு."

"தப்பு ஒங்க மேலதான். ஆனா சொன்னது நாந்தான."

இன்னொருவன், கிரிப் பிளையரை ஆளுக்கொன்று வைத்திருக்கிறோமே, எத்தனை வண்டியில் இப்படிக் கவ்வியிருக்கிறோம் என்று கேட்டான். மதியத்துக்குள் மூன்று வண்டிகள் ஹோஸைப் பார்க்கப் பாய் பட்டறைக்கு இறங்கிவிட்டன. எனக்குச் 'சளிமூக்கு சூசை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். காதில் விழுந்தது. இருக்கட்டும்.

மார்ச் 16

பாவசங்கீர்த்தனம் செய்தேன். வண்டி நேராக ஓடுகிறது.

ஏப்ரல் 2

மதர் இன்னாசியைக் கூப்பிட்டு, மலையில் மூன்று நாள் ஓட்ட வைத்துப் பார்த்துவிட்டு வேலைக்கு எடுத்திருக்கிறார். கடிதத்துக்காக இல்லை, ஓட்டியதைப் பார்த்து எடுத்தேன் என்று சொன்னாராம். ஞானப்பூ சொன்னாள். தலைவலி போய்விட்டது என்றாள்.

ஏப்ரல் 20

ஈஸ்டர். இன்னாசியைச் சாப்பிட அழைக்க ஞானப்பூ போனாள். வரவில்லை. அவளிடம் நன்றாகப் பேசினானாம், பலகாரம் வாங்கிக்கொண்டானாம். இலை ஒன்று அதிகமாகப் போட்டிருந்தோம். எடுத்து வைத்தாள்.

ஜூன் 4

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. காலை எட்டே கால். லோடோடு இறங்கிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது பெண்டில் கீழேயிருந்து ஹாரன். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழி விட வேண்டும், அது மலை வழக்கம். சுவர் ஓரமாகப் பிரேக் பிடித்தேன். இழுக்காமல் நேராக நின்றது.

ஏறி வந்தது கான்வென்ட் வேன். உள்ளே நிறையப் பிள்ளைகள். ஓட்டியது இன்னாசி. சீராக வளைத்து என் ஜீப்பை உரசாமல் தாண்டினான். தாண்டும்போது ஸ்டீயரிங்கிலிருந்து வலது கையைக் கொஞ்சம் தூக்கினான். வழி விட்டவனுக்குத் தூக்குகிற கை. எந்த வண்டி வழி விட்டாலும், எந்த டிரைவரும் தூக்குவதுதான். என் முகத்தைப் பார்த்தானா தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து ஞானப்பூவிடம் சொன்னேன். எல்லாருக்கும் தூக்குவதுதான் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

"கையத் தூக்குனானா?" என்று கேட்டாள்.

"தூக்குனான்."

அடுப்புப் பக்கம் போனவள் திரும்பி வந்து மறுபடி கேட்டாள். "நெசமாத் தூக்குனானா? பாத்தீங்களா, இல்ல வாய்க்கு வந்ததச் சொல்றீங்களா?"

பார்த்தேன். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.